மந்திரித்த சேலையில் ஒரு வட்டம்

விக்கிரவாண்டியைத் தாண்டி, சாலையோரப் புளியமரங்கள் முடிந்து, வெயில் நேராகத் தலையில் இறங்குகிற இடம் ஒன்று உண்டு. சீனுவாசனின் வாடகைக் கார் நிற்பதென்றால் அங்கேதான் நிற்கும். முதலில் இரண்டு இருமல், பிறகு ஒரு தள்ளாட்டம், அப்புறம் சத்தமே இருக்காது. டிரைவர் பெரியநாயகம் அவசரப்படமாட்டான். கீழே இறங்கி, தோளில் கிடக்கும் துண்டை வாய்க்காலில் நனைத்து எடுத்துவந்து, முன்மூடியைத் தூக்கி, எஞ்சினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்ரோல் பம்பின்மேல் போடுவான். ஒரு பீடி எரிந்து முடிகிற நேரம் காத்திருப்பான். முன்னால் கைப்பிடியை மாட்டி ஒரு சுற்று சுற்றினால் வண்டி எழுந்துகொள்ளும்.

"சூடு ஏறிப்போச்சுங்க. ஈரத்துணி போட்டா சரியாப் பூடும்," என்று பின்சீட்டுக்காரர்களிடம் சொல்வான்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே வண்டி ஓட்டிய எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் அது. கோடையில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். குளிர வைத்தால் திரும்பவும் ஓடும். வைத்தியம் பொய்யில்லை. அதனால்தான் பெரியநாயகம் அதை அவ்வளவு நம்பினான்.

அவன் கோலியனூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவன். அப்பன் பிறத்தியார் நிலத்தில் ஏர் ஓட்டினார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிப் போகும் லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு திண்டிவனம் வந்து சேர்ந்தவன், பார்த்துப் பார்த்தே பழுது வேலையும் கற்றான், ஸ்டியரிங்கும் பிடித்தான். டிரைவராகி வாங்கிய முதல் சம்பளங்களைச் சேர்த்து ஆரணிக்குப் போய் ஒரு பட்டுச்சேலை எடுத்தான். அரக்கு நிறம், ஜரிகை கூட விரலகலம்தான். ஆனால் அவர்கள் தெருவுக்குள் நுழைந்த முதல் பட்டு அது. முப்பத்தாறாம் வருஷம் மாதா கோயிலில் பங்குச் சாமியார் அந்தச் சேலையை மந்திரித்துக் கொடுக்க, அதைக் கட்டிக்கொண்டு லூர்துமேரி அவனுக்குப் பெண்டாட்டியானாள்.

மந்திரித்த சேலைக்கு அவர்கள் ஜனங்களிடம் ஒரு முறை இருந்தது. அதை அன்றாடம் கட்டக்கூடாது. பிறக்கிற பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகும்போது அதில் பொதிந்து எடுத்துப்போக வேண்டும். கடைசியில், கட்டினவள் கண் மூடும்போது, அதையே உடுத்தி அவளைக் குழியில் இறக்க வேண்டும். நடுவில் அதில் ஊசிகூடப் படக்கூடாது.

லூர்துமேரியின் சேலை இரண்டு முறை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. இரண்டு முறையும் பொதிவதற்குப் பிள்ளை இல்லை. வீட்டிலேயே பிறந்து, அழாமலே போன பிள்ளைகள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப்போனபோது, அங்கிருந்த டாக்டரம்மா, "அடுத்த தடவை வலி எடுத்ததும் நேரா இங்க கொண்டாந்துடு. வீட்ல வச்சிக்காதே," என்று அவனிடம் விரல் நீட்டிச் சொன்னாள்.

நாற்பத்திரண்டாம் வருஷம் மறுபடி அவள் உண்டானாள். யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். பாதி வண்டிகள் கொட்டகைக்குள் கிடந்தன. பெரியநாயகம் முதலாளியின் முன்னால் போய் நின்றான். சீனுவாசன் கெட்ட மனிதர் இல்லை.

"உன் பொண்டாட்டிக்கு இல்லாத வண்டி எனக்கு எதுக்குடா? கூப்பன்ல கொஞ்சம் ஒதுக்கி வைக்கறேன். நீ வண்டிய ஓட வச்சுக்கோ. அது போதும்."

அது போதும் என்றுதான் பெரியநாயகமும் நினைத்தான். வலி எடுத்த லூர்துமேரி பின்சீட்டில் கிடக்க, விக்கிரவாண்டிக்கு அப்பால் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்றே அவன் தூக்கத்தைக் கெடுத்தது.

மசக்கையில் அவளுக்குப் பெட்ரோல் வாசனை அறவே ஆகவில்லை. அவன் வாசலில் நிற்கும்போதே மூக்கைச் சுருக்குவாள். மூக்கின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்ப்பதற்காகவே சில நாள் அவன் வேண்டுமென்றே கிட்டப் போவான்.

"கிட்ட வராதீங்க. ஏரியில முங்கிட்டு வாங்க."

"ஏரித்தண்ணி ஜில்லுனு இருக்குதுடி."

"அப்ப காரோடவே படுத்துக்கங்க. அதுக்குதான் தெனம் ஈரத்துணி போட்டு சீராட்டறீங்களே."

மார்கழி மாதம். புல்நுனியில் பனி காயாத காலையில், கொல்லாற்றுப் பக்கத்தில் ஏறக்குறைய ஆளே இல்லாத ரோட்டில், வண்டி நின்றது. பெரியநாயகம் பழக்கத்தில் துண்டை நனைத்துக்கொண்டு வந்தான். பம்பின்மேல் கையை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். பம்பு சில்லென்று இருந்தது.

சூடு இல்லை. சூடு எப்போதுமே காரணமாக இருந்ததில்லையோ என்னவோ. இத்தனை மாதம் துணி போட்டு நோயை மூடிவைத்திருக்கிறோம் என்று அவனுக்குப் பட்டது.

அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தான். டாங்கி மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் பெட்ரோல் வராது. மூடியைத் தளர்த்திப் பார்த்தான், அது காரணமில்லை. குழாயைக் கழற்றி வாயால் ஊதினான். டாங்கிக்குள் குமிழி விடும் சத்தம் கேட்டது. பம்பின் தலையிலிருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் தூசி இல்லை. கடைசியாக, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் பிரித்து அதன் வாயில் ஒரு தகர டப்பாவைப் பிடித்துக்கொண்டு, கொட்டகைப் பையனிடம் கைப்பிடியைச் சுற்றச் சொன்னான். நல்ல பம்பென்றால் சுற்றுக்குச் சுற்று பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். இங்கே நூலாக வழிந்து, பிறகு சொட்டாகி, நின்றது. எஞ்சின் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி மோந்தான். எண்ணெய் தண்ணீராய் இளகி, பெட்ரோல் நாற்றம் அடித்தது. பம்பின் அடியிலிருந்த சின்னத் துளையிலும் ஈரம்.

பம்புக்குள்ளே ஒரு சவ்வு உண்டு. வட்டமாக, உள்ளங்கை அகலத்தில். அது மேலும் கீழும் போய்வந்தால்தான் டாங்கியிலிருந்து பெட்ரோல் இழுபடும். பிரித்துப் பார்த்தபோது அந்தச் சவ்வு நடுவில் வெடித்து, பழைய அப்பளம்போல் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

விழுப்புரத்தில் சாமான் கடை வைத்திருந்த தாண்டவராயனிடம் ஓடினான். அவர் கிழிந்த சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கப்பல் வந்தாத்தானேபா பம்பு வரும்? கப்பலத்தான் ஜப்பான்காரன் முழுங்கிக்கினு இருக்கானே. மெட்ராஸ்ல கூட ஒண்ணு கெடையாது."

"எப்படியாச்சும் ஒண்ணு பாருங்கண்ணே. மேரிக்கு பங்குனில நாளு."

"எழுதிப் போட்டு வைக்கறேன். சண்டை முடிஞ்சா வரும். யார் ஜெயிச்சாலும் பம்பு விக்கத்தானே செய்வான்." சிரித்தவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நீயே ஒண்ணு செஞ்சு பாரேன். வேற வழி இல்ல."

வண்டியின் கூரைமேல் பெட்ரோல் டின்னைக் கட்டி, அதிலிருந்து நேராக எஞ்சினுக்குக் குழாய் விட்டு ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். மயிலம் ரோட்டில் அப்படி ஓடிய வண்டி ஒன்று ஆளோடு எரிந்துபோனதிலிருந்து சீனுவாசன் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. பிள்ளைத்தாச்சியை அதில் ஏற்ற பெரியநாயகத்துக்கும் மனம் வரவில்லை.

சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டான். பெட்ரோலில் ஊறி உப்பிப் பிசினாகிவிட்டது. தோலைப் போட்டான், விறைத்துக்கொண்டு அசைய மறுத்தது. மரத்தச்சன் அலமாரிக்குப் பூசுகிற அரக்குக் கரைசலைப் பெட்ரோல் கரைக்காது என்று அவனுக்குத் தெரியும். விளக்கெண்ணெய் கலந்தால் அரக்கு வெடிக்காமல் வளையும். வேட்டித் துணியில் அதைப் பூசிக் காயவைத்துப் போட்டான். மயிலம் வரை ஓடியது. இழை பருமனானதால் இடுக்கு வழியே கசிந்துவிட்டது.

அன்று மத்தியானம் அவன் சோற்றின்முன் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருந்தான். லூர்துமேரி சுவரில் சாய்ந்து, நெற்றியில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளாக அவளுக்குத் தலைவலி. துணி போட்டால் விட்டுவிடும்.

"எந்த மாதிரி துணி வோணும்?"

"நெருக்கமா நெய்ஞ்சிருக்கணும். மெல்லிசாவும் இருக்கணும். பட்டு மாதிரி."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அவள் சுவரைப் பிடித்து எழுந்து, பெட்டியைத் திறந்தாள்.

அவனுடைய அக்கா சவுரியம்மாள், விதவையாகித் தம்பியோடு வந்து தங்கியிருந்தவள், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடி பண்றே? அது மந்திரிச்ச சேலைடி."

"தெரியும் அண்ணி."

"கத்தரி படலாமா அதுல? வெட்டினா கட்டினவளுக்கு ஆயுசு நிக்காதுன்னு எங்கம்மா சொல்லும். காருக்குக் கட்டி வுடறதுக்கா சாமியார் மந்திரிச்சாரு?"

லூர்துமேரி சேலையை மடியில் விரித்துக்கொண்டாள். சிரித்தாள் என்றுதான் பெரியநாயகம் பிற்பாடு சொல்வான். "சாவறப்ப கட்டிக்கறதுக்கு வச்சிருக்கறதுல, பொழைக்கறதுக்குக் கொஞ்சம் எடுத்துக்கறேன் அண்ணி. மாதா கோவிச்சுக்க மாட்டா."

பம்பின் இரும்பு வளையத்தை அவன் பட்டின்மேல் வைத்துப் பிடித்தான். அவள் கரித்துண்டால் சுற்றி வரைந்து, கத்தரித்தாள். முந்தானைக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு முழு நிலவு வெட்டி எடுத்தாற்போல் வட்ட ஓட்டை விழுந்தது. சவுரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடியில் இரண்டு அடுக்கு மல்துணி, மேலே பட்டு. ஒவ்வொரு அடுக்குக்கும் அரக்குப் பூசி, நிழலில் காயவைத்து, வளைத்துப் பார்த்து, மறுபடி பூசினான். பம்புக்குள் வைத்துத் திருகை இறுக்கி, கைப்பிடியைச் சுற்றினான். டப்பாவில் பெட்ரோல் சுரீர் சுரீரென்று பீய்ச்சியது. அந்தப் பெரிய ஆள் கொட்டகை மூலையில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மாசி அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போக ஒரு குடும்பம் காரைக் கேட்டிருந்தது. காலையில் அவன் கிளம்பும்போது லூர்துமேரி கால் மெட்டியைச் சோப்புப் போட்டுக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் உப்பிப்போய் மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது.

"இன்னாடி கால் இப்படி வீங்கிக்கினு கெடக்குது?"

"புள்ளத்தாச்சி கால் வீங்காம பின்ன?" என்றாள் சவுரியம்மாள்.

"தலைவலியும் இருக்குதா?"

"இருக்குது. கண்ணு கொஞ்சம் மங்கலா தெரியுது. வெயில்தான்." அவள் அவனை வாசல்வரை தள்ளினாள். "நீங்க போங்க. மொதலாளி நமக்குன்னு பெட்ரோல் வச்சிருக்காரு. அவருக்கு ஒரு வாடகை ஓட்டிக் குடுக்கக் கூடாதா?"

"ஈரத்துணி போட்டுக்கினு படு. நான் ஜல்தி வந்துடறேன்."

இதுதான் பெரியநாயகம் பெண்டாட்டியிடம் கடைசியாகச் சொன்ன பேச்சு.

அன்று வண்டி ஓடிய ஓட்டம். செஞ்சி மலையடிவாரத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை. கூட்டத்துக்குள் ஊர்ந்தபோது இருமவில்லை. துண்டு தோளிலேயே காய்ந்து கிடந்தது. திரும்பி வரும்போது அவன் வாய்க்குள் மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். இனி எந்த நேரத்தில் வலி எடுத்தாலும் எடுக்கட்டும். விழுப்புரம் கூப்பிடு தூரம்தான்.

திண்டிவனம் எல்லையில், வெயில் தாழாத பொழுதில், சவுரியம்மாள் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் முக்காடு இல்லை. காலில் புழுதி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"மேரிக்கு வலிப்பு வந்துடுச்சு சவரி," என்றாள். சின்ன வயதில் அவனைக் கூப்பிட்ட பெயர் அது. "பல்லக் கடிச்சிக்கினு கெடக்கறா. பேச்சு இல்ல."

பின்சீட்டில் லூர்துமேரியின் தலை அக்காவின் மடியில். வயிறு மட்டும் மேலெழுந்து இறங்கியது. பெரியநாயகம் அந்த வண்டியை அதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டினான். பின்னால் கேட்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் முன்னால் எஞ்சின் ஒரு பதில் சொல்வதுபோல் அவனுக்குத் தோன்றிற்று. இது நிற்காதவரை அதுவும் நிற்காது என்று பிடித்துக்கொண்டான்.

விக்கிரவாண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. பட்டாளத்து ரயில். பெட்டி பெட்டியாக, முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எஞ்சினை அணைக்கப் பயந்து ஓடவிட்டபடியே இறங்கி முன்மூடியைத் தூக்கினான். பம்பு தொடமுடியாமல் கொதித்தது. துண்டை நனைத்துக்கொண்டு வந்தான்.

"மேரி நெத்தி நெருப்பா சுடுதுடா," என்றாள் அக்கா பின்னாலிருந்து.

கையில் ஒரு துண்டு. கொதிப்பதோ இரண்டு. பம்புக்குப் போடாமல் வண்டி நின்றுவிட்டால் அவள் பிழைக்கமாட்டாள். அவளுக்குப் போடாமல் அங்கே நிற்க அவனால் முடியவில்லை. பம்புக்குள்ளே அவளுடைய பட்டுதான் இருக்கிறது, அது என்னைக் கைவிடாது என்று சொல்லிக்கொண்டு, துண்டைப் பெண்டாட்டியின் நெற்றியில் போட்டான்.

வண்டி நிற்கவில்லை. புளியமரங்கள் முடிகிற அந்த இடம் வந்தது, போயிற்று. ஒரு இருமல் இல்லை.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. உள்ளே கொண்டுபோனவள் கொஞ்சம் கழித்து வெளியே வந்து கேட்டாள். "தலைவலி எவ்வளவு நாளா இருந்துச்சு?"

"கொஞ்ச நாளாங்க. ஈரத்துணி போட்டா சரியாப் பூடும்."

"காலு வீக்கம்? கண்ணு மங்கல்?"

அவன் தலையசைத்தான். வலி எடுத்ததும் கொண்டுவா என்றுதானே சொன்னார்கள். வலி எடுப்பதற்காகத்தான் காத்திருந்தோம்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "துணி போட்டா வலிதான்பா அடங்கும். உள்ள ரத்தம் கொதிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கு," என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெரியநாயகம் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டான். பனிக்காலையில் சில்லென்றிருந்த பம்பின்மேல் கை வைத்து நின்றவன் அவன்தானே. துணி நோயை மூடும், தீர்க்காது என்று இந்த ஜில்லாவிலேயே அவனுக்குத்தானே தெரிந்திருந்தது. இரும்புக்குப் புரிந்துகொண்டதைப் பெண்டாட்டிக்குப் புரிந்துகொள்ளவில்லையே. எண்ணெய்க் கம்பியை உருவி மோந்து பார்த்தவன், அவள் காலை ஒரு நாள் கையில் எடுத்துப் பார்க்கவில்லையே.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுதது. அந்த அழுகையைக் கேட்க லூர்துமேரி இல்லை.

அவளை ஊருக்கு அதே காரில்தான் கொண்டுவந்தான். அப்போதும் வண்டி ஒரு இடத்தில் நிற்கவில்லை. எங்காவது நின்று தொலைத்தால் ரோட்டோரம் உட்கார்ந்து அழலாம் என்று பார்த்தான். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருந்தது.

மறுநாள் பெட்டியிலிருந்து சேலையை எடுத்தார்கள். சவுரியம்மாள் உடுத்திவிட்டாள். ஓட்டை தெரியாமல் கொசுவத்துக்குள் மடித்துச் செருகப் பார்த்தாள். ஆயுசு நிக்காது என்று தன் வாயால் சொன்னதை நினைத்து மறுபடி மறுபடி மடித்தாள். பெரியநாயகம் குனிந்து அந்த மடிப்பைப் பிரித்து, வட்டத்தை அவள் நெஞ்சின்மேல் வரும்படி விரித்துவைத்தான்.

"தெரியட்டும்கா. அவ குடுத்துட்டுப் போறது எல்லாருக்கும் தெரியட்டும்."

"நான் சொன்னதுதான் பலிச்சிடுச்சோன்னு இருக்குதுடா."

"நீ சொன்னதுல இன்னா இருக்குது? நான் சொன்னேன் பாரு, ஈரத்துணி போட்டுக்கினு படுன்னு." அதற்கு மேல் அக்காவும் தம்பியும் அந்தப் பேச்சை ஆயுசுக்கும் எடுக்கவில்லை.

குழந்தைக்கு அமல்ராணி என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானத்துக்கு அவளைப் பொதிந்து எடுத்துப்போக மந்திரித்த சேலை இல்லை. அது மண்ணுக்குள் போய்விட்டது. கோயிலுக்கு வெளியே நின்ற காரின் பம்புக்குள் உள்ளங்கையளவு மிச்சம் இருப்பது அவனுக்கு மட்டும் நினைவிருந்தது. துவைத்த வெள்ளைத் துண்டில் பொதிந்து எடுத்துப்போனார்கள்.

யுத்தம் முடிந்தது. நாற்பத்தாறில், கோடை தொடங்கும்போது, தாண்டவராயன் சொன்னபடியே பம்பு வாங்கி அனுப்பிவைத்தார். புதுசு; எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்தது. பெரியநாயகம் அதை அலமாரியில் வைத்துவிட்டுத் தொடவேயில்லை.

"பழசே நல்லா ஓடுதுங்க," என்பான் கேட்டால்.

சீனுவாசனுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வண்டியை விற்றுவிட அவர் தீர்மானித்திருந்தார். "பெரியநாயகம், வாங்கறவன் நாளைக்கு வந்துடுவான். அத அவனோட அனுப்பிடுவியா? பேசாம எடுத்து நீ வச்சுக்கடா," என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார்.

அன்று சாயங்காலம் கொட்டகையில் அவன் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சவ்வு கிழியவில்லை. அரக்கு கறுத்திருந்தது, மல்துணி பொடிந்து உதிர்ந்தது, மேலே இருந்த பட்டில் ஒரு இழை பிரியவில்லை. ஓரத்தில் அவள் கரித்துண்டால் வரைந்த கோடு அரக்குக்கு அடியில் மெல்லிசாகத் தெரிந்தது. புதுப் பம்பைப் பூட்டி, கைப்பிடியைச் சுற்றி, டப்பாவில் பெட்ரோல் பீய்ச்சுவதைப் பார்த்தான். இந்த முறை அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டு வாசலில் அமல்ராணி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். கையில் என்ன என்று விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னாப்பா இது?"

அவன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். "உங்கம்மா சேலைம்மா. உனக்குன்னு வச்சிருந்தது."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

குழந்தை அந்தக் கறுத்த வட்டத்தை இரண்டு கையாலும் வாங்கி, முகத்தருகே கொண்டுபோனாள். பெட்ரோல் நெடி அடித்தது. மூக்கைச் சுருக்கினாள். மூக்கின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கோடு விழுந்தது.

பெரியநாயகம் எழுந்து, அவளைக் கிட்ட வரவேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டு, முங்கிக் குளிக்க ஏரிப்பக்கம் நடந்தான். பாதி வழியில், பனங்காட்டு ஓரத்தில், அவனால் மேலே நடக்க முடியவில்லை.